கோடைக்காலப் பரிமாற்றங்களும் இரசிகர் வாதமுறைகளும்: வட அமெரிக்கப் பனி ஹாக்கியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆட்டப்பருவம் முடிந்தபின் அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் புதிய அணிகளைத் தேர்ந்துகொள்கின்றனர். ஆட்டமே நடைபெறாத இக்காலத்தில் இரசிகரிடையே நிகழும் வாதம் ஆட்டக்காலத்து வாதத்தினும் செறிவானது. அவ்வாதம் உறவு, கணக்கு, விளைவு என்னும் மூன்று அளவுகோல்களின்மீது இயங்குகின்றது என்பதையும், 2005-இல் வந்த ஊதிய உச்சவரம்பு இவற்றின் சமநிலையை மாற்றியது என்பதையும், அணியின் முடிவும் வீரரின் முடிவும் வெவ்வேறு அறத்தால் அளக்கப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பனி ஹாக்கி, வீரர் பரிமாற்றம், தளையற்ற வீரர், ஊதிய உச்சவரம்பு, இரசிகர் வாதம்.

முன்னுரை

தமிழில் ஹாக்கி என்றவுடன் நினைவுக்கு வருவது புல்வெளியில் ஆடப்படும் வளைகோல் பந்தாட்டமே. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் அச்சொல் பனித்தளத்தின்மீது சறுக்குக் காலணியணிந்து ஆடும் விளையாட்டையே குறிக்கும். அங்கே பந்து இல்லை. 'பக்' எனப்படும் தட்டையான இரப்பர் வில்லையே உண்டு. இவ்விளையாட்டின் தலையாய அமைப்பு 1917-இல் மொன்றியால் நகரில் தொடங்கப்பெற்ற தேசிய ஹாக்கி லீக். இன்று அதில் 32 அணிகள் உள்ளன. அவை போட்டியிடுவது ஸ்டான்லி கோப்பைக்காக.

விளையாட்டு குறித்த சமூகவியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்டத்தையும் அரங்கத்தையுமே நோக்குகின்றன. ஆட்டமில்லாக் காலத்தில் இரசிகர் என்ன செய்கின்றனர் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. முடிவெடுக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத ஒரு கூட்டம், பிறர் எடுத்த முடிவை ஏன் இத்துணை நுணுக்கமாக ஆராய்கின்றது? எந்த அளவுகோல்களைக் கொண்டு ஆராய்கின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோடைக்கால அமைப்பும் கலைச்சொற்களும்

ஸ்டான்லி கோப்பை இறுதித்தொடர் வழக்கமாக ஜூன் திங்களில் முடிவுறும். அதனையடுத்து, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் 'டிராப்ட்' நடைபெறும். அது ஏழு சுற்றுகளைக் கொண்டது. ஜூலை 1 அன்று ஒப்பந்தச் சந்தை திறக்கும். வாதத்தைப் புரிந்துகொள்ள நான்கு கருத்தாக்கங்கள் இன்றியமையாதன.

முதலாவது, பரிமாற்றம். ஓர் அணி தன் வீரரை வேறோர் அணிக்குக் கொடுத்து, ஈடாக வீரரையோ வருங்காலத் தெரிவுரிமையையோ பெறுவது இது. ஒப்பந்தத்தில் விலக்கு விதி இல்லாவிடில், இதற்கு வீரரின் இசைவு தேவையில்லை.

இரண்டாவது, தளையற்ற வீரர். ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் சேரும் முழுவுரிமை பெற்றவர் இவர். 27 வயதை எட்டியவரோ ஏழு பருவங்கள் ஆடியவரோ பொதுவாக இந்நிலையை அடைவர். 2004-க்கு முன்னர் இதற்கு 31 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, வரையறுத்த உரிமையுடைய வீரர். ஒப்பந்தம் முடிந்தாலும் இவர்மீது பழைய அணிக்கு உரிமை தொடரும். வேறோர் அணி இவருக்கு ஒப்பந்தம் முன்மொழிந்தால், பழைய அணி ஏழு நாள்களுக்குள் அதே தொகையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளலாம். மறுத்தால், தொகையின் அளவிற்கேற்ப ஈட்டுத் தெரிவுரிமைகளைப் பெறும்.

நான்காவது, ஊதிய உச்சவரம்பு. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் வழங்கும் ஊதியக் கணக்கின் மேல் எல்லை இது. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரியே ஒரு வீரருக்குரிய கணக்காகக் கொள்ளப்படும். கோடையில் இவ்வெல்லையைப் பத்து விழுக்காடு வரை மீறலாம். பருவம் தொடங்கும்போது உள்ளடங்கியாக வேண்டும். ஜூலையில் வாங்கிய அணி செப்டம்பரில் எவரையேனும் விட்டுக்கொடுக்க நேர்வது இதனாலேயே.

'தளையற்ற' என்னும் தமிழ்ச்சொல் இங்கு எண்ணத்தக்கது. விடுதலையைப் பெயராகச் சூட்டும்போதே, அதற்கு முன்னிருந்த நிலை தளை என்பதையும் அது சொல்லிவிடுகின்றது. இரசிகர் வாதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும் உண்மை அதுவே.

2. உறவின் அளவுகோல்: 1988

1988 ஆகஸ்டு 9 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 27. அவர் தலைமையில் எட்மன்டன் 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் கோப்பையை வென்றிருந்தது. கிரெட்ஸ்கியோடு மேலும் இருவர் சென்றனர். ஈடாக ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்னும் இரு இளம் வீரர்களும், மூன்று முதற்சுற்றுத் தெரிவுரிமைகளும், 1.5 கோடி அமெரிக்க டாலர் பணமும் எட்மன்டனுக்குக் கிட்டின.

இதற்கு எழுந்த எதிர்வினை ஆட்டத்தின் எல்லையைக் கடந்தது. புதிய சனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ், அரசு தலையிட்டு இப்பரிமாற்றத்தைத் தடுக்க வேண்டுமெனக் கோரினார். அணியின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனின் கொடும்பாவி எரிக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்க் கிரெட்ஸ்கி மணந்திருந்த அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்சின்மீதும் பழி சுமத்தப்பட்டது.

கிடைத்த ஈடு போதுமா என்பது அன்றைய வாதத்தில் இரண்டாம் நிலை வினாவாகவே இருந்தது. அவரை விற்கலாமா என்பதே முதல் வினா. ஊரின் பெருமை ஒருவருடைய சட்டைப்பைக்கு உரியதா என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருந்தது. சட்டப்படி அணி உரிமையாளருடையது. உணர்வின்படி அது ஊருடையது. இம்முரண் வெளிப்படையாக வெடித்த தருணம் அது. கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மன்டன் 1990-இல் மீண்டும் கோப்பையை வென்றது. ஆயினும் அவ்வெற்றி அந்த வாதத்தை முடித்துவைக்கவில்லை. உறவின் அளவுகோலால் எழுந்த குறை வெற்றியின் அளவுகோலால் தீர்வதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

3. கணக்கின் அளவுகோல்: 2005-க்குப் பின்

அணி உரிமையாளர்க்கும் வீரர் சங்கத்திற்கும் இடையிலான ஊதியப் பிணக்கால் 2004-05 ஆட்டப்பருவம் முழுவதுமே கைவிடப்பட்டது. மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது ஊதிய உச்சவரம்பு நடைமுறைக்கு வந்திருந்தது. 2005-06 பருவத்திற்கு அது 3.9 கோடி டாலர். 2025-26 பருவத்திற்கு 9.55 கோடி டாலர்.

இம்மாற்றம் இரசிகரின் சிந்தனைமுறையையே மாற்றியது. செல்வ அணி வேண்டிய வீரரையெல்லாம் வாங்கிவிடும் என்னும் பழைய மனக்குறைக்கு இடமில்லாமற் போயிற்று. ஒருவருக்குக் கூடுதலாகத் தரும் தொகை மற்றொருவரிடமிருந்து கழியும். எனவே ஒரு வீரர் சிறந்தவரா என்னும் வினாவோடு, அவர் தம் ஊதியத்திற்குச் சிறந்தவரா என்னும் வினாவும் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டில் வீரரின் வயது, பரிமாற்ற விலக்கு விதி, கொடுக்கும் அணி ஊதியத்தில் பாதிவரை தானே ஏற்கும் வாய்ப்பு முதலியன அன்றாடப் பேச்சில் புகுந்தன. இரசிகர் ஊதியமில்லாக் கணக்கர் ஆனார்.

2024-ஆம் ஆண்டுக் கோடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜூனில் இறுதித்தொடரின் ஏழாம் ஆட்டத்தில் தோற்ற எட்மன்டன், ஊதிய உச்சவரம்பை நெருங்கியிருந்தது. ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி அதன் இளம் வீரர்களான பிலிப் புரோபெர்க்கிற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 45.8 லட்சமும், டிலன் ஹாலோவேக்கு ஏறத்தாழ 22.9 லட்சமும் டாலர் என முன்மொழிந்தது. எட்மன்டன் இரண்டையும் ஈடுசெய்யாது விட்டு, ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவுரிமையையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவுரிமையையும் பெற்றது. அடுத்த பருவத்தில் ஹாலோவே 63 புள்ளிகள் எடுத்தார். இவ்விருவரின் இழப்பை அவ்விருவரின் திறனைக்கொண்டு மட்டும் விளக்கவியலாது. பிறருக்கு முன்னரே ஒதுக்கிய தொகைகளின் கூட்டலே அதன் காரணம். கணக்கின் அளவுகோல் வெறும் பழக்கமன்று. உண்மையை விளக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

4. இரு அளவுகோல்களின் மோதல்: 2016

2016 ஜூன் 29 அன்று மொன்றியால் கனேடியன்ஸ் தன் தற்காப்பு வீரர் பி. கே. சப்பனை நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஷே வெபரைப் பெற்றது. சப்பனுக்கு வயது 27, வெபருக்கு 30. சப்பனின் ஆண்டுச் சராசரி ஊதியம் 90 லட்சம் டாலர். வெபருடையது ஏறத்தாழ 78.6 லட்சம். ஆனால் வெபரின் ஒப்பந்தம் 2012-இல் கையெழுத்தான 14 ஆண்டு ஒப்பந்தம். 2026 வரை நீள்வது.

சப்பன் 2015-இல் மொன்றியால் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதியளித்திருந்தவர். ஆகவே ஊர் இழந்தது ஆட்டக்காரரை மட்டுமன்று. மேலும், அவருடைய ஒப்பந்தத்திலிருந்த பரிமாற்ற விலக்கு விதி ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. இரண்டு நாள் கழிந்திருந்தால் அவருடைய இசைவின்றி இது நடந்திருக்க இயலாது. பரிமாற்றத்தின் நாளே அதன் பொருளை உணர்த்தியது.

உறவை அளவுகோலாகக் கொண்டோர் இதனை நன்றிமறத்தல் என்றனர். கணக்கை அளவுகோலாகக் கொண்டோர் ஒப்பந்தத்தின் நீளத்தையும் வயதையும் காட்டி எதிர்த்தனர். ஆதரித்தோர் வெபரின் உடல்வலிமையையும் தலைமைப் பண்பையும் கூறினர். பின்னர் நிகழ்ந்தவை எத்தரப்பையும் முழுமையாக வெல்லச் செய்யவில்லை. 2017-இல் சப்பனோடு நாஷ்வில் இறுதித்தொடர்வரை சென்று தோற்றது. 2021-இல் வெபரின் தலைமையில் மொன்றியால் இறுதித்தொடர்வரை சென்று தோற்றது. அதன்பின் காயங்களால் வெபர் ஆடவேயில்லை. சப்பன் 2022-இல் ஓய்வு பெற்றார்.

5. 'துரோகம்' என்னும் சொல்: 2018

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2009 டிராப்டில் முதலாவதாகத் தெரிந்தெடுத்த ஜான் டவாரஸ், அவ்வணிக்காக ஒன்பது பருவங்கள் ஆடினார். அதன் தலைவராகவும் இருந்தார். 2018 ஜூலை 1 அன்று தளையற்ற வீரராகத் தம் ஊர்ப்பக்கத்து அணியான டொரன்டோ மேப்பிள் லீப்சுடன் ஏழாண்டுகளுக்கு 7.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சிறுவயதில் அவ்வணியின் சின்னம் பொறித்த விரிப்பில் தாம் உறங்கிய படத்தையும் வெளியிட்டார். 2019 பிப்ரவரி 28 அன்று அவர் பழைய அரங்கிற்குத் திரும்பியபோது கூட்டம் ஆட்டம் முழுதும் அவரை இகழ்ந்து கூவியது. அவர் பெயர் பொறித்த சட்டைகள் பனித்தளத்தில் வீசப்பட்டன.

இங்கே ஓர் அறச்சிக்கல் உள்ளது. 18 வயது இளைஞர் தாம் ஆடவேண்டிய அணியைத் தேர்வதில்லை. அணியே அவரைத் தேர்கின்றது. அணி அவரை விற்றால் அது 'தொழில்' எனப்படுகின்றது. ஒப்பந்தத்தை இறுதிநாள்வரை நிறைவேற்றிவிட்டு அவரே சென்றால் அது 'துரோகம்' எனப்படுகின்றது. சப்பன் நிகழ்விலும் கிரெட்ஸ்கி நிகழ்விலும் இரசிகரின் சினம் நிருவாகத்தின்மீது பாய்ந்தது உண்மையே. ஆனால் சினத்தின் தன்மை வேறு. நிருவாகம் அறிவிழந்தது என்று பழிக்கப்பட்டது. வீரரோ நெறியிழந்தவர் என்று பழிக்கப்பட்டார்.

இரசிகர் வழக்கில் வீரரைக் குறிக்க 'சொத்து' என்று பொருள்படும் சொல் வழங்குவதை இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். 'சொத்தை இழந்தோம், ஈடாக ஒன்றும் பெறவில்லை' என்பது டவாரஸ் குறித்து எழுந்த முதன்மைக் குறை. கணக்கின் மொழி உறவின் வலியைச் சொல்லப் பயன்படும்போது, உழைப்பவரின் தெரிவுரிமை கண்ணிலிருந்து மறைகின்றது.

6. விளைவின் அளவுகோல்: 2022

2022 ஜூலை 22 அன்று கால்கரி பிளேம்ஸ் அணி, தம்மோடு நீண்டகால ஒப்பந்தம் செய்ய விரும்பாத மேத்யூ டுகாச்சுக்கைப் புளோரிடா பாந்தர்சுக்குக் கொடுத்தது. ஈடாக, முந்தைய பருவத்தில் 115 புள்ளிகள் எடுத்திருந்த ஜானத்தன் யூபர்டோ, தற்காப்பு வீரர் மெக்கென்சி வீகர், மற்றோர் இளம் வீரர், ஒரு முதற்சுற்றுத் தெரிவுரிமை ஆகியன கிட்டின. இக்கட்டான நிலையில் கால்கரி திறமையாகப் பேரம் பேசியது என்பதே அன்று பரவலாக நிலவிய கருத்து. அடுத்த பருவத்தில் யூபர்டோ எடுத்தவை 55 புள்ளிகள். டுகாச்சுக்குடன் புளோரிடா 2023-இல் இறுதித்தொடரை எட்டி, 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் கோப்பையை வென்றது.

இன்று அம்முடிவு பிழையென்று கூறுவது எளிது. ஆயின் முடிவு எடுக்கப்பட்ட நாளில் அறியக்கிடந்தவற்றைக்கொண்டு அதனை அளப்பது ஒரு முறை. பின்விளைவைக்கொண்டு அளப்பது மற்றொரு முறை. 'பரிமாற்றத்தில் வென்றவர் யார்' என்னும் வினா இவ்விரண்டையும் கலந்துவிடுகின்றது. டவாரசின் ஒப்பந்தமும் அத்தகையதே. கையெழுத்தான பருவத்தில் அவருடைய 1.1 கோடி, உச்சவரம்பில் ஏறத்தாழ 14 விழுக்காடு. உச்சவரம்பு உயர உயர அவ்விகிதம் சுருங்கும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. பெருந்தொற்றால் வருவாய் வீழ்ந்து, 2019-20 முதல் மூன்று பருவங்களுக்கு உச்சவரம்பு 8.15 கோடியிலேயே நின்றது. டொரன்டோ நிருவாகத்தின்மீது பின்னர் எழுந்த குறைகளில் ஒரு பகுதி, எவரும் முன்னறிந்திருக்க இயலாத அந்நிகழ்விற்கு உரியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

இரசிகரின் கோடைக்கால வாதம் உறவு, கணக்கு, விளைவு என்னும் மூன்று அளவுகோல்களால் இயங்குகின்றது. வாதிடுவோர் பெரும்பாலும் முரண்படுவது செய்தியில் அன்று. எவ்வளவுகோலைக் கொள்வது என்பதிலேயே ஆகும்.

2005-இன் ஊதிய உச்சவரம்பு கணக்கின் அளவுகோலை முன்னிலைக்குக் கொணர்ந்தது; எனினும் உறவின் அளவுகோலை அது அகற்றவில்லை. உறவின் குறையைக் கணக்கின் சொற்களால் பேசும் ஒரு கலப்பு மொழியையே அது உருவாக்கியது.

அணியின் முடிவு அறிவால் அளக்கப்படுகின்றது. வீரரின் முடிவு அறத்தால் அளக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு உழைப்பவர் உரிமை குறித்த பொதுமனத்தின் நிலையைக் காட்டும் சான்றாகும்.

அதிகாரமற்றோர் ஏன் வாதிடுகின்றனர் என்னும் தொடக்க வினாவிற்கு விடையும் இதிலேயே உள்ளது. உரிமையாளர் மாறுவார், மேலாளர் மாறுவார், வீரரும் மாறுவார். மாறாது எஞ்சுபவர் இரசிகரே. சட்டம் தமக்குத் தராத பங்கை அவர் வாதத்தின்வழி கோருகின்றார். அக்கோரிக்கை நியாயமானது, ஆனால் அதனை நிலைநாட்ட, தளை நீங்கிய ஒருவரை மீண்டும் சொத்தாகக் கருதவேண்டியதில்லை.