ஊட்டியில் காய்க்கும் மலைப் பப்பாளி... சமவெளி விவசாயிகளின் வைரஸ் தலைவலியைத் தீர்க்குமா?

நீலகிரியில் சில வீட்டுக் கொல்லைகளில், கைக்கு அடக்கமான மஞ்சள் பழங்களோடு ஒரு மரத்தைப் பார்க்கலாம். அதுதான் மலைப் பப்பாளி. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. வாசனை தூக்கலாக இருக்கும், இனிப்பு குறைவு. அதனால் ஜாம் செய்யத்தான் ஏற்றது.

ஆனால், சமவெளிப் பப்பாளியிடம் இல்லாத ஒன்று இதனிடம் இருக்கிறது. வளையப்புள்ளி வைரஸை எதிர்க்கும் சக்தி!

அறிகுறிகள் என்னென்ன?

இளம் இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறும். நோய் முற்றினால் இலைகள் நூல்போலக் குறுகிவிடும். தண்டிலும் இலைக்காம்பிலும் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். காய்களில் வளையம் வளையமாகப் புள்ளிகள் விழும். இளம் வயதில் தாக்கினால் மகசூலே கிடைக்காமல் போகலாம். இந்த வைரஸ் மனிதர்களைப் பாதிக்காது.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. அது பப்பாளியில் தங்கிப் பெருகுவதில்லை; சாற்றைச் சுவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் பறந்துவிடும். அந்தச் சில நொடிகளே வைரஸ் பரவப் போதும். பூச்சிக்கொல்லி வேலை செய்வதற்குள் காரியம் முடிந்துவிடும். நோய் வந்த மரத்தைக் குணப்படுத்தவும் வழியில்லை.

வருமுன் காக்க...

* நாற்றுகளைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்க்க வேண்டும்.
* நடவுக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைக்கலாம். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் அமர்ந்து, வாயில் உள்ள வைரஸை அங்கேயே இழந்துவிடும்.
* பூசணி, வெள்ளரி வகைகளை அருகில் பயிரிடக் கூடாது.
* நோய் தெரிந்த செடியை உடனே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும்.
* துத்தநாக சல்பேட் 0.5%, போரான் 0.1% கரைசலை நடவு செய்த 4 மற்றும் 7-வது மாதங்களில் இலைவழி தெளித்தால் மரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

நிரந்தரத் தீர்வு எப்போது?

ஹவாய் தீவில் 1992-ல் இந்த வைரஸ் முக்கியப் பப்பாளிப் பகுதிக்குள் நுழைந்தது. 1998-ல் மரபணு மாற்றிய 'ரெயின்போ' ரகம் வந்த பிறகே அங்கு சாகுபடி மீண்டது. இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. அதனால் பப்பாளியின் காட்டு உறவுகளோடு ஒட்டுச் சேர்த்துப் புது ரகம் உருவாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மலைப் பப்பாளியின் நெருங்கிய உறவான ஓர் இனத்தோடு இதைச் செய்து பார்த்திருக்கிறது. உறவு தூரம் என்பதால் கரு பாதியிலேயே கருகிவிடுவதுதான் சிக்கல்.

அதுவரை வலையும் மக்காச்சோளமும்தான் காவல். கொல்லையில் மலைப் பப்பாளி வைத்திருப்பவர்கள், வெட்டும் முன் ஒருமுறை யோசிக்கலாம்!