கம்பியைத் தின்னும் உப்புத் தண்ணீர்!

சென்னை—

"சிமெண்ட் மூட்டை என்ன விலை? கம்பி டன் எவ்வளவு?" வீடு கட்ட இறங்குகிறவர்கள் கடை கடையாக ஏறி விசாரிக்கிறார்கள். கலவையில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. மனையில் போர் போட்டதும் மோட்டாரை ஓடவிட்டு வேலையைத் தொடங்கி விடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்தது பழைய கதை. "கலவைக்குத்தானே, எந்தத் தண்ணியா இருந்தா என்ன சார்?" என்று சில மேஸ்திரிகள் சமாதானம் சொல்வார்கள். நம்பிவிடக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன?

சிமெண்டின் காரத்தன்மையால் கம்பி மீது மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகிறது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பி துருவேறும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். தளத்தில் விரிசல் விழும், காரை பெயரும், கம்பி பல்லிளிக்கும்!

கட்டிய உடனே ஒன்றும் தெரியாது. பால் காய்ச்சிக் குடிபோய்ச் சில வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது கடன் தவணைகூட முடிந்திருக்காது.

அளவு என்ன?

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது கடல் நீரானால் முக்கால் கிலோவுக்கு மேல் உப்பு கலவையில் சேரும்!

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சவரம்பு என்கிறது, 2000-ஆம் ஆண்டு வெளியான ஐ.எஸ். 456 விதி. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 மில்லிகிராம். தண்ணீரின் பி.எச். அளவு 6-க்குக் குறையக் கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் பொதுவாகக் கலவைக்கும் ஏற்றது.

என்ன செய்யலாம்?

நாக்கில் வைத்துப் பார்த்தால் போதாது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுக்க வேண்டும். கோடையில் உப்பு ஏறக்கூடும். அப்போது மறுபடியும் பார்ப்பது நல்லது. லாரித் தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

தளம் போட்ட பிறகு பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும்.

கம்பியை எண்ணி வாங்குகிறவர்கள், அதைக் காப்பாற்ற ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கக் கூடாதா?