சென்னையில் இறங்கியவர் திருச்சி வந்து சேர எவ்வளவு நேரம்?



வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக மய்யித்தை வைத்துக் காத்திருக்கும் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பிள்ளை சென்னையில் இறங்கிட்டான். திருச்சிக்கு ஒரு மணி நேரம்தானே! லுஹருக்கு அடக்கம்னு அறிவிச்சிடுங்க." அறிவித்த பிறகு லுஹர் அஸராகும், சில சமயம் மஃரிபும் ஆகும். யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான். ஆகவே முழுக் கணக்கையும் இங்கே தருகிறோம்.

சென்னை, திருச்சி விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தூரம் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வரை பறக்கும். அப்படிப் பார்த்தால் 22 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றே இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, வளைந்து வந்து இறங்குவது எல்லாம் அதில் சேரும். குறுகிய தூரத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். சிறிய ஏடிஆர் விமானத்தின் வேகம் இன்னும் குறைவு.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தைப் பாருங்கள். மகன் காலை 9 மணிக்குச் சென்னையில் இறங்குகிறார். இமிகிரேஷன், பெட்டி, சுங்கச் சோதனை முடித்து வெளியே வர 10.30 ஆகலாம். உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே அவர் ஏறக்கூடியது 12 மணி விமானம். திருச்சியில் இறங்கும்போது மணி 1. பெட்டி எடுத்து வெளியே வர 1.30. அதன் பிறகுதான் வீட்டுக்குக் கார். இதுவும் 12 மணிக்கு விமானம் இருந்தால்தான்.

10.30-க்கே காரில் புறப்பட்டால் சாலையில் சுமார் 320 கிலோமீட்டர்; மாலை 4 மணிவாக்கில் வந்துவிடலாம். அடுத்த விமானம் மாலையில்தான் என்றால் காரே முந்தும். பக்கத்தில் உள்ள தாம்பரத்தில் நின்று திருச்சிக்கு வரும் ரயில்களையும் பார்க்கலாம்.

நாம் சொல்வது மூன்று:

1. திருச்சிக்கே நேரடி விமானம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

2. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் வீண்தான்.

3. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அடக்க நேரத்தை அறிவியுங்கள். ஜனாஸாவைத் தாமதிக்காமல் இருப்பதே மார்க்கம் காட்டும் வழி. மகனால் வந்து சேர முடியாது என்று தெரிந்தால், அவரிடம் போனில் பக்குவமாகச் சொல்லிவிட்டு அடக்கம் செய்யலாம். அவர் வந்ததும் கபருக்குப் போய்த் தன் வாப்பாவுக்காகத் துஆ கேட்பார். அல்லாஹ் கபூல் செய்வானாக.