பந்தின் மூக்கைத் திருப்பியது யார், தெரியுமா?

காலால் உதைக்கும் நம் ஃபுட்பால் அல்ல, இது அமெரிக்கர்கள் கையால் எறியும் ஃபுட்பால். இரு முனையும் கூர்ந்த தோல் பந்து. எடை 400 கிராம் சொச்சம். 1906 வரை அதை முன்னோக்கி எறிவதே விதிப்படி தப்பு, தெரியுமா? இன்றோ அந்த எறிதலை செல்போனில் படம்பிடித்து, இயற்பியல் ப்ராஜெக்ட் என்று வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள் அங்குள்ள மாணவர்கள்!

பந்தை எறிவதையே வேலையாகக் கொண்ட ‘குவார்ட்டர்பேக்’ வீரர், தேர்ந்தவராக இருந்து எறிந்தால் பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பறந்தபடியே நிமிடத்துக்குச் சுமார் 600 முறை தன்னைத்தானே சுற்றும். அதாவது நொடிக்கு 10 சுற்று! சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம்தான். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்றே படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனுக்கு மாறினால் சுற்றுக்கு 24 படம். பந்தின் தையலைக்கூட எண்ணலாம்.

எண்ணிப் பார்த்தால் இன்னொரு கூத்து. சரியாக எறியாத பந்து தள்ளாடும் அல்லவா? அந்தத் தள்ளாட்டத்துக்கும் கணக்கு உண்டு: பந்து 5 முறை சுற்றுவதற்குள் ஏறக்குறைய 3 முறை தள்ளாடும். யார் எறிந்தாலும் இதேதான். பந்தின் வடிவம் போட்ட கணக்கு அது!

இனிதான் பெரிய ஆச்சரியம். வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் மாற்றாது. அப்படியானால் மேல்நோக்கி எறிந்த பந்து, தன் முன்முனையை, அதாவது மூக்கை, வானத்தில் நீட்டியபடியேதானே தரைக்கு வர வேண்டும்? வருவதில்லையே! உச்சியைத் தாண்டியதும் மூக்கைச் சாய்த்துக்கொண்டு, போகும் பாதையிலேயே குறிவைத்து இறங்குகிறது. 2020-ல் திமோதி கே, வில்லியம் மாஸ், ரிச்சர்ட் பிரைஸ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் இந்தப் புதிருக்கு எளிய விடை எழுதினார்கள். பாதை கீழே வளைய வளைய, எதிர்க்காற்று மூக்கை மேலே தள்ளப் பார்க்கிறது. சாயும் பம்பரம் விழாமல் தலையைச் சுழற்றுமே, அதுபோல மூக்கு மேலே போகாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. அங்கே காற்று மறுபடி தள்ள, இம்முறை கீழே! இப்படிப் பாதையைச் சுற்றிச் சுற்றியே மூக்கு பாதையோடு இறங்குகிறது. கவிழ்க்க வந்த காற்றே வழிகாட்டி! சுழலாமல் எறிந்த பந்துக்கு இந்த யோகம் கிடையாது, குட்டிக்கரணம்தான்.

வலக்கைக்காரர் எறிந்த பந்து சற்றே வலப்பக்கம் ஒதுங்கும், இடக்கைக்காரருடையது இடப்பக்கம். இதற்கும் அந்த மூக்குத் திருப்பம்தான் காரணம்.

காற்று பந்துக்கு வெளியே மட்டுமா விளையாடுகிறது? 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் பந்துகளில் காற்று குறைந்திருந்ததாக அமெரிக்காவே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த அணியின் நட்சத்திர வீரர் டாம் பிராடிக்கு 4 ஆட்டங்களில் ஆடத் தடை! யாராவது காற்றை இறக்கினார்களா என்ற வழக்கை விடுங்கள். 24 டிகிரி அறையில் 12.5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடைத்த பந்து 9 டிகிரி மைதானத்துக்குப் போனால், யாரும் தொடாமலே 11.1-க்கு இறங்கிவிடும். அடுத்த ப்ராஜெக்டுக்கு ஒரு பந்து, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு பிரஷர் கேஜ் போதும்!