அம்மோனைட் ஃபிரிட்ஜில் ஒட்டட்டும், கல் காரையிலேயே கிடக்கட்டும்

பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் நடந்தால் காலடியில் அம்மோனைட் துண்டுகள் தென்படும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை மூடியிருந்த கடலில் வாழ்ந்த உயிரிகளின் புதைபடிவங்கள் அவை. அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தந்ததும் அந்தப் பழங்கடல்தான். சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரமும் அந்தக் கடலின் காலத்தைச் சேர்ந்ததே.

பார்க்க வருகிறவர்கள் நினைவுக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்ளும்போது மனம் பதறுகிறது. எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவலோடு சேர்ந்துதான் புதைபடிவத்துக்கு மதிப்பு. வீட்டு அலமாரிக்குப் போய்விட்டால் அது வெறும் கல்.

இதற்கு மாற்று, ரெசினில் வார்த்த அம்மோனைட் வடிவத்தின் பின்புறம் காந்தம் பதித்த ஃபிரிட்ஜ் வில்லை. மகளிர் குழுக்கள் தாராளமாகக் கையில் எடுக்கலாம். எபாக்சி ரெசின், ஹார்டனர், சிலிக்கான் அச்சு, காந்தம் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். எபாக்சி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும்.

கவனம் முழுக்கக் காந்தத்தில் இருக்க வேண்டும். கறுப்பு ஃபெரைட் மலிவானது, சூடு தாங்கும். ஆனால் இழுவை குறைவு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் மசாதோ சாகவா உருவாக்கிய நியோடைமியம் காந்தம் சிறு வில்லையிலேயே பலமாக இழுக்கும். ஆனால் அதன் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கும். எபாக்சியோ இறுகும்போது தானாகவே சூடேறும். தடிமனாக ஒரே தடவையில் ஊற்றினால் 100 டிகிரியையும் கடக்கக்கூடும். கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் இந்த வேலையை விடிகாலையில், மெல்லிய அடுக்குகளாகச் செய்வதே நல்லது.

ரெசின் காந்தவிசையைத் தடுப்பதில்லை. ஆனால் இடைவெளி கூடக் கூட இழுவை வெகுவேகமாகக் குறையும். அதனால் காந்தம் வில்லையின் பின்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும். அச்சில் முக்கால் பாகம் ஊற்றி, பிசுபிசுப்பாக இறுகியதும் காந்தத்தை வைத்து, மேலே ஒரு மில்லிமீட்டருக்கு மிகாமல் மூடுங்கள். ரெசின் நீர்மமாக இருக்கும்போதே அருகருகே இரண்டு காந்தங்களை வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரும்பு மேசையானால் அடிப்பக்கம் இழுத்துக்கொண்டுவிடும். மரப்பலகையில் வையுங்கள்.

இறுகியபின் பின்பக்கத்தைத் தேய்க்கிறவர்கள் காந்தத்தைத் தொடக்கூடாது. நிக்கல் பூச்சு போனால் துருப்பிடிக்கும். காந்தத்தின் தூள் தீப்பிடிக்கக்கூடியது.

வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளும் இதை ஆசையாக வாங்குவார்கள். ஆகவே காந்தத்தைப் பின்னால் பசையால் ஒட்டிவிட்டு விற்காதீர்கள், கழன்றுவிடும். இரண்டு காந்தங்களை விழுங்கிய குழந்தையின் குடலில் அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல்சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி தெரியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இதைப் பொட்டலத்தின் மேல் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டே கொடுங்கள்.