அதிமதுரத்தைக் கூட்டிப் பாருங்கள்

“சீன மூலிகை டானிக்குகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சாப்பிடலாமா? எல்லாம் மூலிகைதானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இயற்கையானது என்றாலே பக்கவிளைவு இல்லை என்று விளம்பரங்கள் ஊட்டிய தைரியம் இது. பலரும் கவனிக்காத ஆபத்து, ஒரே மூலிகை பல டப்பாக்களுக்குள் இருந்து உடலில் சேர்வதில் இருக்கிறது. அந்த மூலிகை அதிமதுரம்.

சீன மரபு அதைப் பாராட்டவும் செய்தது, எச்சரிக்கவும் செய்தது. சுமார் 2,000 ஆண்டுப் பழைமை கொண்ட ஷென்னோங் மூலிகை நூல் 365 மருந்துகளைத் தரம் பிரித்து, ஜின்செங்கையும் அதிமதுரத்தையும் நெடுநாள் உண்ணத்தக்க முதல் தரத்தில் வைத்தது. பின்னால் வந்த ‘பதினெட்டு முரண்கள்’ பட்டியல், அதிமதுரத்துடன் சேரக் கூடாத நான்கு மூலிகைகளைச் சொன்னது. அதிமதுரத்தோடு அதிமதுரமே சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. மற்ற மருந்துகளை இணக்கமாக்கும் என்று நம்பி, பெரும்பாலான கஷாயங்களில் அதைச் சேர்க்கிறார்கள்.

அது உடலுக்குள் செய்யும் வேலைதான் அற்புதமானது. உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவிடும் ஹார்மோன் அல்டோஸ்டிரோன். அதற்குரிய ஏற்பியில் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் கச்சிதமாகப் பொருந்தும். ரத்தத்தில் கார்டிசோல், அல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் மேல் அதிகம். கல்யாணப் பந்திக்கு அழைக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். அவர்களுடையதைப் போன்ற பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரம் பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் தாய்மாமன்தான் 11-பீட்டா-ஹெச்எஸ்டி2 என்ற நொதி. அழையாதவரின் துண்டை உருவி, கார்டிசோலைக் கார்டிசோனாக மாற்றிவிடுவார். துண்டு போனவருக்கு இலை கிடையாது.

அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்ற வேதிப்பொருள் குடலில் கிளிசிரெட்டினிக் அமிலமாகி, இந்தத் தாய்மாமனின் கையைக் கட்டிப்போடுகிறது. ஆயிரம் பேரும் பந்தியில் உட்கார்ந்து உப்பு கேட்கிறார்கள். உப்பும் தண்ணீரும் உடலில் தேங்குகின்றன. பொட்டாசியம் கொல்லை வழியாக வெளியேறுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. உப்பு போதும் என்று கண்ட உடல், அழைப்பிதழ் அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. அதனால் பரிசோதனையில் அல்டோஸ்டிரோன் குறைவாகவே தெரியும். அறிகுறிகளோ அது பொங்கி வழிவதைப் போல இருக்கும்.

சீன மரபை ஒட்டிய மூலிகை மருந்துகள் புழங்கும் ஜப்பானில், கெண்டைக்கால் பிடிப்புக்குத் தரும் ஷாகுயாகு-கான்சோ-டோ மருந்தின் வழக்கமான ஒருநாள் அளவில் 6 கிராம் அதிமதுரத்தின் சாறு இருக்கிறது. சளிக்கான காக்கோன்-டோவில் 2 கிராம். உடல் தேறக் குடிக்கும் ஜூசென்-டைஹோ-டோவில் 1.5 கிராம். மூன்றையும் சேர்த்து எடுப்பவர், ஒரு நாளில் 9.5 கிராமுக்குரிய சாற்றை விழுங்குகிறார். பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும், பிடித்தும் இழுக்கும். கால் பிடிப்பு இன்னும் தீரவில்லையே என்று அவர் அதே மருந்தை மேலும் குடித்தால் விபரீதம்தான். சிறுநீரைப் பிரிக்கும் ஃபுரோசமைடு மாத்திரை பொட்டாசியத்தை மேலும் வடித்துவிடும். பொட்டாசியம் குறைந்த உடலில், இதய மருந்தான டிஜாக்சின் நஞ்சாகலாம்.

நம் நாட்டு மருந்துக் கடை அதிமதுரத்திலும் இதே கிளிசிரைசின்தான். அதனால் எந்த மரபு மருந்தாக இருந்தாலும், இரண்டாவது டப்பாவைத் திறக்கும் முன் இரண்டின் லேபிளையும் படித்து அதிமதுரத்தின் கிராம் கணக்கைக் கூட்டுங்கள். அளவு அச்சிடாத டானிக்கை வாங்காதீர்கள். ரத்த அழுத்தமோ இதயநோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், எல்லா டப்பாக்களையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே சாப்பிடுங்கள்.