சிறுகண் திருக்கை: மொசாம்பிக் கரையில் கிடைத்த புதுச் சான்று

கடலோர ஊர்களில் திருக்கை மீனை அறியாதார் இலர். எனினும் எந்த ஜாதித் திருக்கை எக்கடல்களில் வாழ்கின்றது என்பது இன்றும் முற்றும் தெளிவாகவில்லை. சிறுகண் திருக்கையின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

இந்த ஜாதியை 1908-ம் ஆண்டில் முதன்முதல் விவரித்தவர், கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த நெல்சன் அன்னன்டேல் என்னும் விலங்கியல் நிபுணர். சிட்டகாங் கடலில் அகப்பட்ட மீனே அவருக்கு ஆதாரம். பேருடலுக்கு ஒவ்வாத சிறு கண்களால் இப்பெயர் அமைந்தது. இம்மீன் ஒரு செட்டையின் நுனியிலிருந்து மறு செட்டையின் நுனி வரை 2.2 மீட்டர் அகலம் வளரக்கூடியது. வாலின் அடிப்பாகம் அகன்று தட்டையாயிருக்கும். முதுகில் வெண்புள்ளிகள் வரிசையாகத் தோன்றும்.

பிற்காலத்தில் இந்தியா முதல் இந்தோனேஷியா, ஆஸ்திரேலியாவின் வடகரை வரையில் இம்மீன் அரிதாக அகப்பட்டு வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் உண்டென்று எவரும் எழுதவில்லை. 2008-ம் ஆண்டில் சைமன் பியர்ஸ், வில்லியம் ஒயிட், ஆண்ட்ரியா மார்ஷல் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர், மொசாம்பிக் தேசத்தின் தென்கரைக் கடலில் இம்மீன் உண்டென்பதை வெளியிட்டனர். சிட்டகாங்கிற்கும் அவ்விடத்திற்கும் ஏறக்குறைய 8000 கிலோமீட்டர் தூரம்.

இதனால் அம்மீன் அங்கே புதிதாகக் குடியேறிற்று என்று தீர்மானித்தல் கூடாது. பாறை நிறைந்த கடலடியில் இழுவலை எளிதிற் செல்லாது. அங்கு வாழும் மீன் கரைக்கு வருவதும் அரிது. வந்தாலும், ஜாதி அறிந்து குறிப்போர் இல்லாவிடில் அது வெறும் திருக்கையாகவே விலைபோய்விடும். ஆகவே ஒரு மீனின் எல்லை என்று நூல்கள் கூறுவது, பெரும்பாலும் அதனைக் கண்டு எழுதியோரின் எல்லையே.

எல்லை தெரியாத உயிரைப் பாதுகாக்க இயலாது. இத்தகைய திருக்கைகள் முட்டையிடாது, குட்டிகளைச் சிற்சிலவாகவே ஈனுவன. ஒருமுறை குறைந்தால் மீளப் பல ஆண்டுகள் செல்லும்.

ஆகையால் கடலோரக் கிராம அதிகாரிகள், பழக்கமில்லாத திருக்கை கரை சேர்ந்தால், அதை அறுப்பதற்கு முன் தேதி, பிடித்த இடம், ஆழம், செட்டையகலம் ஆகியவற்றைக் குறித்து, முதுகு, வயிறு, வால் மூன்றையும் படமெடுத்து மீன்வள இலாகாவிற்கு அனுப்புவது நலம். வாலின் முள் விஷமுள்ளது. இறந்த மீனிலும் எச்சரிக்கை வேண்டும்.